எழுதப்படாத நிபந்தனை

ஒப்பந்தத்தில் இரு தரப்பினரும் ஏற்கும் கட்டுப்பாடுகள் அனைத்தையும் பேச்சு வழக்கில் நிபந்தனை என்றே குறிப்பிட்டாலும், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ஒப்பந்தத்தின் முதன்மை நோக்கத்துக்கு இன்றியமையாததை மட்டுமே அவ்வாறு அழைக்கிறது. அது மீறப்பட்டால் ஒப்பந்தமே முறிந்ததாகக் கொள்ளலாம், துணை உறுதிமொழி மீறப்பட்டாலோ இழப்பீடு மட்டுமே கோரலாம். ஆனால் பத்திரத்தில் எழுதாமல் விட்ட நிபந்தனையை எழுதியதாகவே பாவிக்கலாமா என்ற கேள்வி இத்தனை எளிதன்று. அதற்குக் கொல்கத்தாவின் மனை வழக்கு ஒன்று விடை தந்தது.

தாக்கூரியா ஏரிப் பகுதியில் பெருநிலம் வைத்திருந்த முக்னீராம் பாங்கூர் நிறுவனம், சாலையும் வடிகாலும் அமைத்துத் தருவதாகக் கூறி மனைகளை விற்றது; 1940 ஆகஸ்ட்டில் ஒரு மனைக்கு ரூ.101 அச்சாரம் பெற்றது. மறு ஆண்டே அரசு அந்நிலத்தின் பெரும்பகுதியை ராணுவத் தேவைக்காகத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ள, 1943இல் நிறுவனம், மீதித் தொகை முழுவதையும் ஒரு மாதத்தில் செலுத்திக் கிரயம் பெறலாம், சாலைகள் போருக்குப் பிறகே, இல்லையேல் ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் எழுதியது.

அந்த மனைக்கான ஒப்பந்த உரிமையை முதலில் அச்சாரம் கொடுத்தவரிடமிருந்து பெற்றிருந்த சத்தியவிரத கோஷ், ஒப்பந்தம் இன்னும் நீடிக்கிறது என்று 1946இல் வழக்குத் தொடுத்தார்; அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாடகைக்கு எடுத்த இசை அரங்கம் எரிந்துபோன வழக்கில், அரங்கம் நிலைத்திருக்க வேண்டும் என்ற உள்ளார்ந்த நிபந்தனை இருந்ததாக 1863இல் இங்கிலாந்து நீதிமன்றம் கொண்டதை முன்மாதிரியாகக் கொள்ளும் வாதத்தை உச்ச நீதிமன்ற நீதிபதி பி.கே.முகர்ஜியா ஏற்கவில்லை. தரப்பினர் நினைத்தே பாராத ஒன்றை அவர்கள் நினைத்ததாகக் கற்பிக்கத் தேவையில்லை. நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாது என 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவே கூறுகிறது. ஒப்பந்தத்துக்குள்ளேயே அத்தகைய நிபந்தனை இருந்தால் மட்டும் 32ஆம் பிரிவு பொருந்தும்.

இங்கே வேலையை முடிக்கக் காலக்கெடு குறிக்கப்படவில்லை, போர் நடப்பதை அறிந்தே இருவரும் கையெழுத்திட்டார்கள், நிலம் எடுக்கப்பட்டதும் தற்காலிகமாகவே. ஆகவே ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்று 1953 நவம்பரில் தீர்ப்பாயிற்று.  இந்தோனேசிய நிலக்கரி விலையேற்றத்தைக் காரணம் காட்டி மின் நிறுவனங்கள் விலக்குக் கோரியபோதும், 2017இல் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டியே அக்கோரிக்கையை மறுத்தது.