கிணறும் கல்விக் கடனும்

கொங்கு நாட்டுக் குடியானவருக்குக் கடன் புதிதன்று. கிணறு வெட்டக் கடன், ஆழ்குழாய் இறக்கக் கடன், மோட்டார் வைக்கக் கடன் என்று தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் இந்த வறண்ட செம்மண்ணில் அவர் பச்சையைக் கண்டிருக்கிறார். கிணற்றுக்குக் கடன் வாங்கினார் என்று அவரை ஒருவரும் பழித்ததில்லை. தண்ணீர் வராத குழிக்கு வட்டி கட்டும்படி நேர்ந்தால்தான் அவர் நிலை பரிதாபமாகிவிடும்.

இது நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வியாகும். அவருடைய மகள் பள்ளிப் படிப்பு முடித்து, இரண்டு வருஷத் தொழிற்பயிற்சி ஒன்றில் சேர விரும்புகிறாள். தறியில் வரும் வருமானம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடுகிறது. "ஏனுங்க, கடனை வாங்கிப் படிக்க வெச்சா அது தேறுமுங்களா?" என்று கேட்டார். ஆயிரக்கணக்கான பெற்றோர் மனத்தில் உள்ள கேள்வி அது. ஆகவே நிதானமாக விடை கூற வேண்டியது நம் கடமையாகிறது.

தொழிற்கல்வி கோயமுத்தூருக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி அன்று. பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-ல் அந்தத் தர்மஸ்தாபனமும், அதைச் சார்ந்த தொழிற்பயிற்சிச் சாலையும் ஏற்பட்டன. 1945-ல் ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற் கலாசாலை உண்டாயிற்று. நான்கு வருஷ இஞ்சினீயரிங் படிப்பை இரண்டே வருஷத்தில் கற்பித்துவிடலாம் என்று அவர் வாதாடினார். சர்க்கார் அதற்கு இசையவில்லை. அவர் வாதம் முழுவதும் சரியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஏழை மாணவனுக்குக் காலமும் பணமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அன்று தர்மம் செய்த வேலையின் ஒரு பகுதியை இன்று சர்க்காரின் ஏற்பாட்டில் பாங்கிகள் கடனாகச் செய்கின்றன. 2015-ஆம் வருஷம் ஜூலை மாதம் மத்திய சர்க்கார் திறன் பயிற்சிக் கடன் திட்டத்தை ஆரம்பித்தது. 5,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாய் வரையில் கடன் கிடைக்க அதில் வழி செய்யப்பட்டது. சொத்து ஜாமீன் வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக்கு உட்பட்ட பயிற்சியானால், அது முடிந்து ஆறு மாதம் கழித்தும், நீண்ட பயிற்சியானால் பன்னிரண்டு மாதம் கழித்தும் தவணை தொடங்கும். 50,000 ரூபாய் வரையில் மூன்று வருஷம், ஒரு லட்சம் வரையில் ஐந்து வருஷம், அதற்கு மேல் ஏழு வருஷம் என்று தவணைக் காலம் வகுக்கப்பட்டது. கடன் திரும்பாவிட்டால் அதில் முக்கால் பங்கு வரையில் ஈடுசெய்வதற்கு ஒரு உத்தரவாத நிதியும் அமைக்கப்பட்டது. 2024 ஜூலையில் திட்டம் திருத்தப்பட்டு, கடனின் உச்ச வரம்பு 7,50,000 ரூபாயாக உயர்ந்தது.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி என்று ஒன்று இருக்கிறதல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூற்றுக்குப் பத்து வட்டியில் ஒரு லட்சம் ரூபாயை முதல் நாளே வாங்கியதாக வைத்துக் கொள்வோம். படிக்கும் இரண்டு வருஷம், பொறுத்திருக்கும் ஒரு வருஷம், ஆக மூன்று வருஷத்துக்குத் தனி வட்டி 30,000 ரூபாய். அசலுடன் சேர்ந்து 1,30,000 ஆகிவிடும். அதை ஐந்து வருஷத்தில் தீர்க்க மாதம் சுமார் 2,760 ரூபாய் கட்டவேண்டும். படிக்கும்போதே மாதா மாதம் வட்டி 833 ரூபாயைக் கட்டிவிட்டு, படிப்பு முடிந்தவுடன் தவணையைத் தொடங்கினாலோ, மாதம் சுமார் 2,125 ரூபாய் போதும்.

அந்த 833 ரூபாய்க்கு எங்கே போவது? இங்கேதான் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கார் பள்ளியில் படித்து உயர்கல்விக்கோ தொழிற்பயிற்சிக்கோ செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டு 9-ஆம் தேதி கோயமுத்தூரிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. தகுதியுள்ள பிள்ளைகள் அந்தத் தொகையை வட்டிக்கென்று ஒதுக்கினால், கடனின் கனம் பெரிதும் குறைந்துவிடும்.

ஆனால் கடனுக்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைக்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். அங்கே பயிற்சிக் கட்டணம் இல்லை. உதவித் தொகையும் பஸ் பாஸும் உண்டு. கோயமுத்தூரில் பெண்களுக்கென்றே அத்தகைய நிலையம் இருக்கிறது. ஊற்று நீர் சும்மா கிடைக்கும்போது, கடன் வாங்கிக் கிணறு வெட்டுவானேன்?

அங்கே இடம் இல்லை, அல்லது விரும்பிய தொழில் இல்லை என்றால், கடனைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பூமியைச் சோதிக்காமல் துளை போடலாகாது. இதற்கு ஆஸ்திரேலியா தேசம் ஒரு பாடம். அங்கே தொழிற்கல்வி மாணவரின் கட்டணத்தைச் சர்க்காரே கடனாகச் செலுத்தும் திட்டம் ஒன்று இருந்தது. 2012-க்குப் பிறகு அது தாராளமாக்கப்பட்டது. உடனே சில தனியார் நிலையங்கள் தரகர்களை வீடு வீடாக அனுப்பின; இனாமாகக் கணினி தருவதாக ஆசை காட்டின; படித்து முடிக்க இயலாதவர்களையெல்லாம் சேர்த்துக் கட்டணத்தை வாங்கிக் கொண்டன. பள்ளிக்கூடம் கொழுத்தது, கடன் மாணவன் தலையில் நின்றது. 2016 முடிவில் சர்க்கார் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டு, மறு வருஷம் கடுமையான நிபந்தனைகளுடன் வேறு திட்டம் கொண்டுவர நேர்ந்தது.

ஆகையால், பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு விஷயங்களை விசாரிக்க வேண்டும். நிலையத்துக்குச் சர்க்கார் அங்கீகாரம் உண்டா? பயிற்சி பெறும் யந்திரம் ஓடுகிறதா, துணி போர்த்தி நிற்கிறதா? சென்ற வருஷம் படித்தவர்கள் இப்போது எந்தப் பட்டறையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? நடுவில் நின்றுவிட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? பதில் சொல்லத் தயங்கும் நிலையத்தின் வாசலைக் கடந்து வந்துவிடுவதே உத்தமம்.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பதினாயிரம் ரூபாய்க் கடனுக்கும் ஐம்பது லட்சக் கடனுக்கும் காகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சின்னக் கடன்காரரைக் கண்டால் சில அதிகாரிகளுக்குச் சலிப்பு உண்டாகிறது. "அடுத்த வாரம் வாருங்கள்" என்று மூன்று முறை கேட்ட தறிக்காரர் நான்காம் முறை போகமாட்டார். கந்துக்காரரிடம் போவார், அல்லது மகளை மில்லுக்கு அனுப்புவார். இந்த ஜில்லாக்களில் மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்ற ஆசையில் போன பெண்கள் எத்தனையோ பேர். அதே மூன்று வருஷத்தில் ஒரு பெண் தொழில் கற்று, சம்பாதிக்கவும் தொடங்கியிருக்கலாம்.

சோமனூர்க்காரருக்கு இதையெல்லாம் சொன்னோம். அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "முதல்ல சர்க்கார் நிலையத்துல கேட்டுப் பாக்கறனுங்க. அங்க இல்லேன்னா, அந்த மெஷின் ஓடுதான்னு என் கண்ணால பாத்துட்டுத்தானுங்க கையெழுத்து" என்றார்.

ஊற்று இருக்கும் இடத்தைக் கண்டபின் தோண்டுகிறவர் அவர். அவர் மகளுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்றே நாம் நம்புகிறோம்.