பற்றைக்குள் நிற்கும் பழமரங்கள்

காணி விடுபட்டு ஊருக்குத் திரும்பும் சகோதரிகளிடம் நான் முதலில் கேட்பது, துப்புரவு செய்ய பெக்கோ பேசிவிட்டீர்களா என்பதுதான். இன்னும் பேசவில்லை என்றால் நல்லது. கண்ணிவெடி அகற்றப்பட்டு, நடமாடலாம் என்று அறிவிக்கப்பட்ட காணியானால், யந்திரம் வருமுன் ஒரு நாள் முழுவதும் அந்தப் பற்றைக்குள் நடந்து பாருங்கள். பழைய சேலையொன்றைக் கிழித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய கன்றைக் கண்டால் அதில் ஒரு துண்டைக் கட்டிவிடலாம்.

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவு எருக்கலையும் நாயுண்ணியும் இப்பில் இப்பிலுமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாம் இல்லாத காலத்தில் வௌவாலும் குருவிகளும் மரநாயும் அங்கே வந்துபோயிருக்கின்றன. அவை தின்ற பழத்தின் கொட்டைகள் இடிந்த மதிலோரத்திலும் கிணற்றடியிலும் வேப்பமரத்தின் கீழும் முளைத்து நிற்கும். பெக்கோவுக்கு எருக்கலையும் ஒன்றுதான், பாலைக்கன்றும் ஒன்றுதான். அரை நாளில் வழித்து ஒரு மூலையில் குவித்துவிடும்.

வலிகாமம் வடக்கில் எங்கள் அம்மாவின் சீதனக் காணியை விட்டு 1990 ஆனியில் வெளியேறினோம். திரும்ப அதற்குள் கால் வைத்தது 2017 இல். வீடு இருந்த இடம் தெரியவில்லை. கிணறும், வடக்கு எல்லையில் ஒரு விளாத்தியும் மட்டும் நின்றன. அந்த விளாத்தியை வைத்துத்தான் எல்லையையே கண்டுபிடித்தோம். கத்தியோடு நான் பற்றைக்குள் இறங்கியபோது பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு அப்பால் நின்று சத்தம் போட்டா. "பிள்ளை, உதை வெட்டாதை. உது பாலைக்கண்டு." முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தச் செடியை அவ எப்படி அறிந்தா என்று கேட்டு, அன்று படிக்கத் தொடங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலையைக் கிள்ளினால் பால் வரும் என்பது பாலையின் முதல் அடையாளம். ஆனால் பால் வடிந்தால் மட்டும் அது பழப்பாலை ஆகிவிடாது. ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை எல்லாவற்றிலும் பால் உண்டு, பெயரிலும் பாலை உண்டு. அவை தின்னும் பழம் தருவன அல்ல. வேறுபாட்டை இலையில் பாருங்கள். ஏழிலைப்பாலையில் ஒரே கணுவைச் சுற்றி ஏழு இலை வரை வட்டமாக நிற்கும். வெட்பாலையிலும் குடசப்பாலையிலும் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். பழப்பாலையில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாய் வந்து கொப்பின் நுனியில் நெருங்கி நிற்கும். இலை தடிப்பாக, நுனி கூராக இல்லாமல் நகத்தால் கிள்ளிவிட்டதுபோல் சிறிது உள்வாங்கி இருக்கும். இந்த நுனியைத்தான் ஆச்சி பார்த்திருக்கிறா.

விளாத்திக் கன்றையும் வில்வக் கன்றையும் மாற்றி நினைப்பவர்கள் பலர். இரண்டிலும் முள் உண்டு, இரண்டிலும் மணம் உண்டு. வில்வத்துக்கு ஒரு காம்பில் மூன்று இலை. விளாத்திக்கு ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், நடுக்காம்பும் இருபுறமும் சிறகுபோல் சற்று அகன்றிருக்கும். நாவலின் இலையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் விளிம்பையொட்டி ஒரு மெல்லிய நரம்பு சுற்றி ஓடுவது தெரியும். வீரைக்கு இலை கரும்பச்சை, பளபளப்பு, அடிப்பாகம் இரு புறமும் ஒரே அளவாக இராது. தெரியாத பழத்தை மட்டும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் விடவேண்டாம். ஊரில் முதியவர் ஒருவரிடம் கொப்போடு காட்டிக் கேளுங்கள்.

இந்த மரங்கள் ஏன் அருகிப்போயின என்பதற்குக் குண்டுவீச்சும் தறிப்பும் மட்டும் காரணமல்ல. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சேலை முடிச்சில் மிளகாய் விதையும் பயிற்றை விதையும் கொண்டு போன பெண்களை நான் கண்டிருக்கிறேன். காய்ந்த விதை காத்திருக்கும். அடுத்த வருடம் வேறொரு மண்ணில் போட்டாலும் முளைக்கும். ஆனால் நாவல், பலா, மா ஆகியவற்றின் கொட்டைகள் அப்படியல்ல. அவை ஈரத்தோடு உயிர் வாழ்பவை. காயவைத்தால் செத்துவிடும். நாவல் கொட்டைக்கு ஏறக்குறைய இரண்டு கிழமைதான் ஆயுள். ஆகவே அவற்றை முடிச்சில் கட்டிக்கொண்டு முகாம் முகாமாக அலைய முடியாது. மரம் நிற்கும் ஊரில், பழம் விழும் காலத்தில் ஒருவர் இருந்தால்தான் அடுத்த மரம் வரும். நாவற்குழி, புளியங்கூடல் என்று மரத்தின் பெயரை ஊருக்கு வைத்தவர்கள் நாம், அந்த மரங்களோ எம்மோடு இடம்பெயர முடியாதவை.

எனவே நாவல் பழம் தின்ற அன்றே கொட்டையைக் கழுவி மண்ணில் போடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் பயப்பட வேண்டாம், நாவலின் இயல்பு அது. மாங்கொட்டையின் ஓட்டைக் கவனமாகத் திறந்து உள்ளிருக்கும் பருப்பைப் போட்டால் விரைவில் வரும். மாவில் சில இனங்களுக்குக் கொட்டைக்கு ஒரு முளை, அந்தக் கன்று தாயைப்போல் காய்க்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்கொழும்பான் போன்றவற்றில் பல முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் குணத்தையே கொண்டவை. பாலைக் கொட்டையையும் சதை போகக் கழுவிப் புதிதாகவே போடவேண்டும். ஆனால் பாலைக்கு அவசரம் கிடையாது. வருடக் கணக்கில் ஒரு சாண், இரு சாண் என்றுதான் வளரும். வளரவில்லையே என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

உறங்கும் கொட்டைகள் வேறு வகை. இலந்தைக் கொட்டையை அப்படியே புதைத்தால் பல கிழமை பேசாமல் கிடக்கும். மெதுவாகத் தட்டி ஓட்டை உடைத்துப் பருப்பைப் போட்டால் ஒரு கிழமையளவில் முளை தெரியும். நெல்லிக்கு அம்மியும் வேண்டாம். பழத்தை வெயிலில் காயவிட்டால் கொட்டை தானே வெடித்து விதையைக் கொடுக்கும். அன்னமுன்னா விதையை இரண்டு மூன்று மாதம் வைத்திருந்தும் போடலாம். ஓரிரவு நீரில் ஊறவிடுங்கள். முளைக்க ஒரு மாதமோ அதற்கு மேலோ எடுக்கும். செதில் செதிலாக இருப்பதும் வழுவழுப்பான தோலுடையதும் முள்ளுள்ளதும் மூன்று வேறு மரங்கள், விதைகளைக் கலந்துவிடாதீர்கள். இன்னொன்று: பேனுக்கு அன்னமுன்னா விதையை அரைத்துத் தலையில் பூசும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்த அரைப்பு கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே கெடுக்கும். விதையை நடுவதோடு நிறுத்திக்கொள்வோம்.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அன்னமுன்னா 3, 4 வருடத்தில் காய்க்கும். நாவல் 8 முதல் 10 வருடம். விதையில் வந்த விளாத்திக்கு 15 வருடமும் செல்லலாம். வீரையில் பனையைப்போல ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. ஒன்று மட்டும் நட்டால் ஏமாறக்கூடும். அயலில் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டாக நடுவது புத்தி. தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு 10 வருடம் நீண்ட காலம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் வரிசையில் பப்பாசியும் கொய்யாவும் அன்னமுன்னாவும், எல்லையோரத்தில் நாவலும் பாலையும் என்று நடச் சொல்கிறேன்.

பாலைக்கன்றிலிருந்து சற்று விரைவாகவும் வருமானம் எடுக்க வழியுண்டு. சப்போட்டாவும் பாலையும் ஒரே குடும்பம். இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுவதற்குப் பாலைக்கன்றையே அடிக்கன்றாகப் பயன்படுத்துகிறார்கள். வேர் உறுதியானது, வரட்சியைத் தாங்கும். கன்று பென்சில் தடிப்புக்கு வர இரண்டு வருடமளவில் ஆகும். அதன்பின் ஒட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம், அல்லது நீங்களே பழகலாம். கறுத்தக்கொழும்பான் ஒட்டுமாங்கன்று எல்லா நாற்றுமேடையிலும் கிடைக்கும். பாலைக்கன்று வேண்டுமென்றால்தான் அலைய வேண்டும்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். பால்மாப் பைக்கற்றுகளைக் கழுவி அடியில் நாலு துளை போடுங்கள். மேல்மண், மணல், நன்றாக உக்கிய மாட்டெரு மூன்றும் சமபங்கு. பாலைக்கும் விளாத்திக்கும் ஆணிவேர் ஆழம் தேடும், உயரமான பையாகப் பார்த்து எடுங்கள். கிடுகு நிழல் போதும். கரையோரக் கிணறுகளில் நீர் உவர்ப்பாயின் இளங்கன்றின் இலை நுனி கருகும். அப்படியான இடத்தில் மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

நடுவதை ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே முருகைக்கல் சில இடங்களில் இரண்டடியிலேயே வந்துவிடும். அலவாங்கு முட்டினால் குழியை இரண்டு முழம் தள்ளித் தோண்டுங்கள். நட்டவுடன் இலந்தை முள்ளை வெட்டிச் சுற்றி அடையுங்கள், ஆட்டுக்கு நாவல் என்றும் பாலை என்றும் தெரியாது. ஆனி, ஆடியில் பாலைப்பழம் வீட்டுக்கு வந்தால், பிள்ளைகள் கொட்டையைத் துப்புவதற்கு ஒரு சிரட்டையைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.