ராஜுலாவின் டெக்கும் சர்க்கரைக் கப்பலும்

பாட்டிக்குக் கடல் என்றால் இன்றும் அடிவயிறு புரட்டும். 1950-ல், ஒன்பது வயதில், நாகப்பட்டினத்தில் ராஜுலா என்ற கப்பலில் ஏறினார். ஏறக்குறைய ஒரு வாரம் டெக்கில் பாய் விரித்துக் கிடந்து, மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்கு ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற உரிமம் இருந்ததாம். துணிமூட்டைக்கும் தகர டிரங்குப் பெட்டிக்கும் நடுவே, அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்தபடியே வந்தேன் என்பார். பிறகு ரயில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸ். அதன்பின் அவர் கடலில் கால் நனைத்ததே இல்லை. மோரிப் கடற்கரைக்குக் குடும்பமே போனாலும், மரத்தடியில் பைகளுக்குக் காவல் இருப்பார்.

போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-ல் போர்ட் கிள்ளான் ஆனது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001-ல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. அங்கிருந்துதான் நான் முதுகில் பையோடு தாசிக் செலாத்தான் முனையத்துக்குப் போய், கிழக்குக் கரையிலுள்ள கோலா பெசுட்டுக்கு இரவு பஸ் பிடிக்கிறேன்.

"கிள்ளான்லயே கடல் இருக்கே, எதுக்கும்மா அவ்வளவு தூரம்?" என்று பாட்டி கேட்டார். கிள்ளான் ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறும் சதுப்புநிலக் கரையும் சேர்ந்த தண்ணீர் அது. உள்ளே போனால் நீட்டிய கை தெரியாது. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் நீச்சல் குளத்தில் முக்குளிக்கப் பழகிவிட்டுக் கிழக்குக் கரைக்குப் போகிறார்கள்.

பெர்ஹெந்தியான் தீவுக்கு அருகே, பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு சரக்குக் கப்பல் கிடக்கிறது. 2000-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மூழ்கியது. ஏற்றி வந்தது சர்க்கரை. 'சுகர் ரெக்' என்றே எல்லாரும் சொல்கிறார்கள். முக்குளிப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கு அனுமதித்த ஆழமும் அதே பதினெட்டு மீட்டர்தான் என்பதால், புதியவர்களும் போகலாம். உள்ளறைகளுக்குள் நுழைய மட்டும் தனிப் பயிற்சி வேண்டும்.

சர்க்கரை என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர் பலர் இறக்கப்பட்டது, பினாங்குக்கு எதிரே வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில். ரப்பர் பிறகு வந்தது. சர்க்கரைதான் எங்களை முதலில் அழைத்தது.

கயிற்றைப் பிடித்து அந்தச் சர்க்கரைக் கப்பலை நோக்கி இறங்கினேன். காது அடைக்க அடைக்க மூக்கைப் பிடித்து ஊதிச் சரிசெய்துகொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீர். ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு மங்க ஆரம்பித்தது. என் சிவப்பு நீச்சல் உடை பழுப்பானது. கீழே முதலில் நிழல், பிறகு சிப்பியும் பாசியும் மூடிய இரும்பு. சரக்கு கரைந்துபோய்விட்டது, கப்பல் இருக்கிறது. பொந்துகளில் மூங்கில் சுறா உறங்குகிறது. மஞ்சள் மீன் கூட்டம் கலையாமல் நகர்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் கப்பலின் தகடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கிறது.

ராஜுலா இப்படி எங்கும் கிடக்கவில்லை. 1973-ல் விற்கப்பட்டு, பிறகு இரும்புக்காக உடைக்கப்பட்டது. கடலில் கிடப்பவையும் தப்புவதில்லை. சபாவின் உசுக்கான் விரிகுடாவில் 1944 முதல் கிடந்த மூன்று ஜப்பானியக் கப்பல்களை 2017-ல் பழைய இரும்புக்காகப் பிய்த்தெடுத்தார்கள். எழுபது ஆண்டுகளாய் வளர்ந்த பவளமும் அவற்றோடு போனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை.

வீடு திரும்பிப் பாட்டிக்குப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுல டெக் எதும்மா?"

கப்பல் ஒருக்களித்துக் கிடப்பதால் டெக் அங்கே சுவர்போல நிமிர்ந்து நிற்கிறது. காட்டினேன். பாட்டி திரையில் அந்த இடத்தின் மேல் விரலை வைத்தார்.

"இவ்வளவு இடத்துலதான் நாங்க ஆறு பேர் படுத்திருந்தோம்."