ஏங்கிப் பெற்ற ராஜா

மொராக்கோவில் மறைந்த 24 வயது மன்னருக்காகப் போர்ச்சுகல் தந்த விலை, நாட்டின் சுதந்திரம்.

அப்பா இறந்து 18 நாள் கழித்து, 1554 ஜனவரி 20-ல், லிஸ்பனில் அந்தக் குழந்தை பிறந்தது. ஆண் வாரிசுக்காக நாடே காத்திருந்ததால் போர்ச்சுகீசியர்கள் செபாஸ்தியனுக்கு 'ஏங்கிப் பெற்ற பிள்ளை' என்ற பொருளில் பட்டப்பெயர் சூட்டினார்கள். சில மாதங்களிலேயே தாயார் பிறந்த வீடான ஸ்பெயின் அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். மகனை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

தாத்தா மூன்றாம் ஜோவான் இறந்தபோது செபாஸ்தியனுக்கு வயது 3. பாட்டியும், பிறகு தாத்தாவின் தம்பியான கார்டினல் ஹென்ரிக்கும் ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டனர். 14 வயதில் பொறுப்பு கைக்கு வந்தது. கோவா, கொச்சி, மலாக்கா, பிரேசில் என்று பரந்த சாம்ராஜ்யம். ஆனால் இளைஞரின் கனவு சிலுவைப் போர். கல்யாணப் பேச்சுகள் வந்து வந்து கலைந்தன.

மொராக்கோவில் பதவி இழந்த சுல்தான் ஒருவர் உதவி கேட்டு வந்ததும் சாக்கு கிடைத்துவிட்டது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் அவருக்குத் தாய்மாமன். நிதானமாக இருக்கும்படி அவர் புத்தி சொன்னது மருமகனின் காதில் ஏறவில்லை.

1578 ஆகஸ்ட் 4. அல்காசர் கிபிர் அருகே, சுட்டெரிக்கும் வெயிலில், கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் வந்து களைத்திருந்த படை சுற்றி வளைக்கப்பட்டது. சில மணி நேரத்தில் கதை முடிந்தது. ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். மீதிப் பேரில் பெரும்பாலோர் கைதிகள். பிரபுக்களை மீட்கப் பணயத் தொகை கட்டியே பல குடும்பங்கள் நொடித்துப்போயின. அன்று இறந்த மன்னர்கள் மூவர்: செபாஸ்தியன், அவரிடம் உதவி கேட்ட சுல்தான், எதிரணியில் நோயோடு வந்திருந்த சுல்தான்.

வாரிசு இல்லை. 66 வயது கார்டினல் ஹென்ரிக் மன்னரானார். துறவறத்தைக் கைவிட்டு மணம் செய்துகொள்ளப் போப்பிடம் அனுமதிகூடக் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1580 ஜனவரியில் அவரும் போய்ச்சேர, தாய்மாமன் படையோடு வந்தார். ஃபிலிப்பின் தாயாரும் போர்ச்சுகீசிய இளவரசிதான். உரிமைக்கு அது போதுமாக இருந்தது. 60 ஆண்டுகள் போர்ச்சுகலுக்குத் தனி மன்னர் இல்லை.

இந்த மாற்றம் இந்தியக் கரைகளையும் தொட்டது. ஸ்பெயினின் எதிரியான டச்சுக்காரர்களுக்குப் போர்ச்சுகலும் எதிரியானது. மிளகு வாங்க லிஸ்பனுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நேரே கிழக்குக்குக் கப்பல் விட்டார்கள். அந்தப் பகை, ஸ்பெயினின் பிடி விலகிய பிறகும் தொடர்ந்தது. 1658-ல் நாகப்பட்டினமும், 1663-ல் கொச்சியும் அவர்கள் வசம் போயின.

ஆனால் ராஜா இறந்தார் என்பதை நம்பத்தான் ஆளில்லை. பனிமூட்டமான ஒரு காலையில் திரும்பி வருவார் என்று மக்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பு இருக்கும் இடத்தில் வேஷக்காரர்களுக்குப் பஞ்சமா? குறைந்தது நான்கு போலி செபாஸ்தியன்கள் கிளம்பினர். ஸ்பெயினின் மத்ரிகல் ஊரில் பலகாரம் விற்ற ஒருவர், ஃபிலிப்பின் உறவினரான கன்னியாஸ்திரீயையே நம்பவைத்தார். 1595-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1640 டிசம்பர் 1-ல் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து பிரகான்சா கோமகனை நான்காம் ஜோவானாக அரியணையில் அமர்த்தினார்கள். நம்பிக்கை அப்போதும் சாகவில்லை. 1897-ல் பிரேசில் ராணுவம் அழித்த கானுடோஸ் குடியிருப்பிலும் செபாஸ்தியன் வருவார் என்று நம்பியவர்கள் இருந்தனர். உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவருக்கு வயது 343!

லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடத்தில், பளிங்கு யானைகள் சுமக்கும் கல்லறை ஒன்று இருக்கிறது. மொராக்கோவிலிருந்து வந்த உடலை 1582-ல் இந்த மடத்துக்குக் கொண்டுவரச் செய்தவர் ஃபிலிப். கல்லறையின் லத்தீன் வாசகம், செபாஸ்தியன் இதற்குள் இருப்பதாகச் சொல்லும்போதே ஒரு நிபந்தனையும் போடுகிறது: 'ஊரார் சொல்வது உண்மையானால்.'