கதவைத் தட்டுவது போலீஸ்... ஆனால் பயம் வேண்டாம்!

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம். ஓஹையோ நதிக்கரையில் ஹன்டிங்டன் என்று ஒரு ஊர். ஐம்பதாயிரம் பேர்கூடத் தேறாது. 2016, ஆகஸ்ட் 15, திங்கட்கிழமை. மதியத்துக்கு மேல் ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் - மூச்சுப் பேச்சில்லாமல் ஒரு ஆள் கிடக்கிறான் என்று. போனை வைத்த கையோடு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று... சில மணி நேரத்தில் 26 பேர்! ஹெராயினில் அதைவிடப் பல மடங்கு வீரியமான சரக்கை எவனோ கலந்துவிட்டிருந்தான்.

பெரும்பாலோரைக் காப்பாற்றியது நாலாக்ஸோன் என்ற மருந்து. மூளையில் ஹெராயின் போய் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து அதைத் தள்ளிவிட்டு, தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் ‘செத்தவன்’ எழுந்து உட்காருவான்.

‘அதான் பிழைச்சுட்டானே, அப்புறமென்ன?’ என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். எழுந்தவனுக்கு உடம்பெல்லாம் முறுக்கும். வாந்தி, பேதி, நடுக்கம். இன்னொரு டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கே போவான்? அன்றைக்குப் பிழைத்தவர்களில் ஒருவரைக்கூட யாரும் போதை சிகிச்சைக்கு அனுப்பி வைக்கவில்லை என்று பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது.

இவர்களெல்லாம் ரவுடிகள் என்று நினைத்துவிடாதீர்கள். முதுகுவலி, மூட்டுவலி என்று போனபோது டாக்டரே எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தது பல பேர் கதை. ஊர் இருக்கும் கேபல் மாவட்டத்துக்கு எட்டு வருஷத்தில் வந்து இறங்கிய அந்த ரக மாத்திரைகள் 8 கோடி! ஜனத்தொகையோ ஒரு லட்சத்தை ஒட்டி. (கைக்குழந்தை உட்பட தலைக்கு 800!) மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும், மலிவாகக் கிடைத்த ஹெராயினுக்குத் தாவினார்கள்.

2017 கடைசியில் ஊர் விழித்துக்கொண்டது. ஓவர்டோஸில் பிழைத்தவர் வீட்டுக் கதவை 72 மணி நேரத்துக்குள் போய்த் தட்டுவது என்று முடிவு. ஒரு ஆம்புலன்ஸ் ஊழியர், ஒரு கவுன்சலர், ஒரு பாதிரியார், கூடவே ஒரு போலீஸ்காரர். கைது கிடையாது. ‘சிகிச்சைக்கு வர்றியாப்பா?’ - அவ்வளவுதான் கேள்வி.

வருகிறேன் என்பவர்களுக்குத் தரும் மருந்துகளில் முக்கியமானது புப்ரெனார்ஃபின். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று முணுமுணுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேள்வியில் தப்பில்லை. ஆனால் இது அதே நாற்காலியின் நுனியில் மட்டும் உட்காரும் ஆசாமி. முறுக்கல் அடங்கும், பெரிதாகக் கிறக்கம் வராது. ஆள் வேலைக்குப் போகலாம், சம்பளம் வாங்கலாம். அவசரப்பட்டு நிறுத்துவதில்தான் ஆபத்து. சில வாரம் சும்மா இருந்துவிட்டுப் பழைய அளவிலேயே ஹெராயின் ஏற்றினால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காது.

2017-ல் அந்த மாவட்டத்தில் ஓவர்டோஸ் அழைப்புகள் 1,800-ஐத் தாண்டின. மறு வருஷம் சுமார் 40 சதவீதம் குறைந்தன. 2020-ல் கொரோனா வந்து வீட்டுக்கதவுகளைச் சாத்தியபோது மறுபடி ஏறின.

2018-ல் சிகிச்சை, கவுன்சலிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க ஒரு மையம் திறந்தார்கள். இடம்? முன்பு மருந்துக்கடை இருந்த கட்டடம்!