வீட்டில் ஒரு குளச்சல் போர்: படை எவ்வளவு, நேரம் எவ்வளவு?

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் கேட்கும் சத்தம் கேம்ஸ் சத்தம்தான். அதே கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டு, திரைக்கு வெளியே மேஜை மேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டையும் ஆடலாம். இந்த விளையாட்டைத் தொடங்குகிறவர்கள் பலரும் பாதியில் கைவிடுகிறார்கள். காரணம் எளிது. ஆசையில் நூற்றுக் கணக்கில் பொம்மைகளை அடுக்குவார்கள்; மூன்றாவது சுற்று முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்து விடும். தோற்றுக் கொண்டிருந்தவருக்கு நிம்மதி, ஜெயித்துக் கொண்டிருந்தவருக்கு அழுகை. படையைக் குறித்து விட்டு நேரம் பார்ப்பதை விட, நேரத்தைக் குறித்து விட்டுப் படையைத் திரட்டுவதே நல்லது.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் பொம்மைப் போருக்கு விதிகள் எழுதினார். அவர் முறைப்படி, ஒருவர் தன் முறையில் படையை நகர்த்த 30 சிப்பாய்களுக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு நிமிடம். நூறு வருடம் தாண்டியும் இந்தக் கணக்கு வேலை செய்கிறது. இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் வார்ஹேமர் 40,000 விளையாட்டிலும் படையின் அளவும் நேரமும் சேர்ந்தேதான் வரும். 1000 புள்ளி படை என்றால் இரண்டு மணி நேரம், 2000 புள்ளி என்றால் மூன்று மணி நேரம் என்று அதன் விதிப் புத்தகம் வழி காட்டுகிறது. அதுவும் விதிகள் கைவந்தவர்களுக்கு. முதல் முறை ஆடுகிறவர்கள் கூடுதலாக வைத்துக் கொள்ளுங்கள்.

இனி நம் மாவட்டத்துப் போரையே எடுத்துக் கொள்வோம். 1741-ல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை தோற்கடித்தது. கடற்கரைக்கு அருகில் நிற்கும் வெற்றித் தூணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இரு பக்கமும் எத்தனை பேர் என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். கவலை வேண்டாம். ஆள் பலத்தில் ஒரு பக்கம் அதிகம், மறு பக்கம் குறைவான ஆட்களும் பீரங்கியும் தடுப்பு வேலியும் என்று வைத்துக் கொண்டால் போதும்.

பொம்மை இல்லையா? திருவிதாங்கூருக்குப் புளியங்கொட்டை, டச்சுக்காரர்களுக்குச் சோழி, பீரங்கிக்குத் தீப்பெட்டி. பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் எதிரி சிப்பாய் ஒருவர் காலி. இந்த அளவு விதி ஆரம்பத்துக்குப் போதும்.

இப்போது எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளவும். முதல் வரிசையில் பெயர், எண்ணிக்கை, ஒன்றின் புள்ளி, மொத்தம் என நான்கு தலைப்புகள் டைப் செய்யவும். இரண்டாம் வரிசையில் சிப்பாய், 60, 1 என்று கொடுங்கள். அடுத்த வரிசையில் பீரங்கி, 2, 10. மொத்தம் வர வேண்டிய செல்லில் சமக்குறி போட்டு, எண்ணிக்கை உள்ள செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி தட்டி, புள்ளி உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் கணக்கு வந்து விடும். கடைசியில் சிக்மா குறி உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் கூட்டுத்தொகை 80.

டச்சுப் படைக்கும் இதே போல ஒரு பட்டியல் தேவை. 20 சிப்பாய்கள், ஆளுக்கு 2 புள்ளி. 3 பீரங்கி, தலா 10. வேலிக்கு 10. அதுவும் 80. எது எத்தனை புள்ளி பெறும் என்பது நீங்கள் தீர்மானிப்பதுதான். ஒரு எண்ணை மாற்றினால் மொத்தம் தானாகவே மாறும். காகிதத்தில் அடித்து அடித்து எழுதுவதை விட இது எவ்வளவோ மேல்!

நேரத்துக்கு வெல்ஸ் கணக்கைப் போடுவோம். திருவிதாங்கூருக்கு 60 சிப்பாய்க்கு 2 நிமிடம், 2 பீரங்கிக்கு 2 நிமிடம், ஆக 4 நிமிடம். டச்சுப் பக்கம் 20 சிப்பாய்க்கு 40 விநாடி, 3 பீரங்கிக்கு 3 நிமிடம். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 7 நிமிடம் 40 விநாடி. பத்துச் சுற்றுக்கு சுமார் 77 நிமிடம். பகடை உருட்ட, சண்டை போட, 'தொட்டாச்சு, தொடல' என்று வாதாடப் பாதி சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நாலு மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்கு எழுந்து விடலாம். இரு படைகளையும் இரட்டிப்பாக்கினால் நேரமும் இரட்டிப்பாகும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'கிளாக்' என்ற புரோகிராமில் டைமர் வசதி உண்டு. 4 நிமிடத்துக்கு ஒன்று, 3 நிமிடம் 40 விநாடிக்கு ஒன்று என இரண்டு டைமர்களைப் பெயர் கொடுத்து வைத்துக் கொள்ளவும். மணி அடித்ததும் நகராத சிப்பாய் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். செஸ் கடிகாரம் போல ஆட்டம் முழுவதற்கும் மொத்தமாக நேரம் கொடுப்பவர்களும் உண்டு. சிறு பிள்ளைகள் முதல் இரண்டு சுற்றிலேயே அதைத் தின்று தீர்த்து விடுவார்கள். சுற்றுக்கு இவ்வளவு என்பதே வீட்டுக்கு ஏற்றது.

புள்ளி சமமாக இருந்தால் ஆட்டமும் சமமாகி விடுமா? ஆகாது. மேஜையில் வேலிக்கும் எதிரிக்கும் மூன்றடி இடைவெளி, சிப்பாய் ஒரு சுற்றில் அரை அடி நடக்கிறார் என்றால், வேலியைத் தொடவே ஆறு சுற்று போய் விடும். மிச்சம் நான்கு சுற்றில்தான் சண்டை. எனவே பத்துச் சுற்று என்பதும் ஒரு ஆயுதம்தான். பத்தாம் சுற்று முடிவிலும் வேலிக்குள் டச்சுக் கொடி நின்றால் டச்சுப் பக்கம் வென்றது என்று விதி வையுங்கள். ஆள் குறைந்தவர்கள் எல்லோரையும் கொல்ல வேண்டியதில்லை, தாக்குப் பிடித்தால் போதும். உண்மைப் போரிலும் முற்றுகையில் சிக்கியவர்களுக்கு இதே நிலைமைதான். பருவக்காற்று வீசும் ஆகஸ்டில் குளச்சல் கடலில் கப்பல் கரைக்கு வருவது லேசான காரியமா?

ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஜெயித்தால், படையில் கை வைக்காதீர்கள். சுற்றை மட்டும் ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் மாற்றம் வந்தது என்று தெரியாது. அப்போதும் சண்டை என்றால் பக்கம் மாற்றி இன்னொரு முறை ஆடுங்கள். யார் குறைந்த சுற்றில் வேலியைப் பிடித்தாரோ அவரே வெற்றி பெற்றவர். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் அதே ஷீட்டில் கீழே குறித்து சேவ் செய்து கொள்ளவும்.

ஆடத் துணை இல்லாதவர்கள் 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்ற கேமை இன்டர்நெட்டில் இருந்து டவுன்லோடு செய்து கொள்ளலாம். 2003 முதல் இருந்து வரும் இதற்குக் காசு கிடையாது. அதில் மல்டிபிளேயர் பகுதியில் புது ஆட்டம் தொடங்கும்போது ஆரம்பத் தங்கம், சுற்றுகள், நேர வரம்பு என்று தனித்தனியாகக் கேட்கும். தங்கம்தான் படை அளவு. எதிரணியைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து விட்டு, முதலில் நேர வரம்பு இல்லாமல் சுற்றுகளை மட்டும் குறைத்து ஆடிப் பாருங்கள்.