கைக்கெட்டும் மருத்துவம் – 6: எந்தப் பயணத்தைத் தவிர்க்கலாம்?

தாராசுரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் மேல். கும்பகோணம் போய் பஸ் பிடிக்க வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் பஸ் நின்றது. கீமோவுக்குக் குறித்த தேதி நிற்கவில்லை. அந்த நாட்களில்தான் கும்பகோணம் பக்கத்து முதியவர் ஒருவர், கூலித் தொழிலாளி, புற்றுநோயால் அவதிப்பட்ட மனைவியை சைக்கிளில் உட்காரவைத்து ஜிப்மர் வரை மிதித்தார். அங்கே சிகிச்சை கொடுத்து ஆம்புலன்சில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

நாடே அவரைப் பாராட்டியது. எனக்கோ அவர் கிளம்புவதற்கு முந்தைய இரவுதான் மனதை அறுக்கிறது. "வரலாமா, வண்டி கிடைக்குமா, நாலு நாள் தள்ளினால் ஆபத்தா?" என்று கேட்க ஒரு போன் நம்பர் அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

போனில் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டதே 2020 மார்ச் 25-இல், ஊரடங்கு தொடங்கிய அன்று. தவித்தது அவர் மட்டுமல்ல. தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பின் 41 மருத்துவமனைகளில் அந்த மார்ச் முதல் மே வரை பதிவான புதிய நோயாளிகள் 51,760 பேர். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 1,12,270 பேர். நோய் குறையவில்லை, நோயாளிகளால் வர முடியவில்லை.

போன் வழியே என்ன முடியும்? மார்பகப் புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும் டமாக்சிஃபென், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் போன்ற மாத்திரைகளைத் தொடரலாம். ரத்தப் பரிசோதனையைக் கும்பகோணத்திலேயே செய்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வாந்தி, வாய்ப்புண், பயம் எல்லாவற்றுக்கும் பதில் கேட்கலாம்.

முடியாதவையும் உண்டு. நரம்பில் ஏற்றும் கீமோவுக்கும் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதற்கும் நேரில்தான் போக வேண்டும். புதிய கட்டியைக் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கீமோ போட்ட பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. கடும் வலிக்கான மார்ஃபினைப் போன் வழியே எழுதித்தர அந்த விதிமுறைகள் இடம் தரவில்லை.

ஆக, போன் ஆஸ்பத்திரிக்கு மாற்று அல்ல. எந்தப் பயணம் அவசியம், எது வீண் அலைச்சல் என்று பிரித்துச் சொல்வதே அதன் வேலை. அதுவும் ஊரில் ரத்தம் எடுக்க, மருந்து கொடுக்க, புண்ணுக்குக் கட்டுப்போட ஆள் இருந்தால்தான் பலிக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அத்திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே நோயாளியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள வழி வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரிகள் கட்டாயமாக இருக்கட்டும்: எடுத்துப் பேச ஆள் இருக்கும் ஒரு நம்பர், உடனே வர வேண்டிய அறிகுறிகள். பெருந்தொற்று இல்லாத நாளிலும் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறுகிறவர்களுக்கு இது சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

அடுத்த வாரம்: மார்ஃபின் ஏன் கிராமத்துக்கு வந்து சேர்வதில்லை?

(தொடரும்)